பச்சை விளக்கு எரிந்தது, ஆன்டெனாவைக் காணோம்

ஒரு கிடங்கின் சரக்கு வாயில். இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், சட்டத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு ஆன்டெனா. நான்கும் ஒரே ஆர்எஃப்ஐடி ரீடரின், அதாவது ரேடியோ அலையால் டேக்குகளைப் படிக்கும் கருவியின், நான்கு போர்ட்டுகளுக்கு (கேபிள் மாட்டும் இடங்களுக்கு) போகின்றன. ஃபோர்க்லிஃப்ட் ஒரு பேலட்டை (பெட்டிகள் அடுக்கிய பலகையை) தூக்கிக்கொண்டு வாயிலைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில், பெட்டிகளில் ஒட்டியிருக்கும் டேக்குகளை, அதாவது அடையாள எண் தாங்கிய சிறு மின்னணு வில்லைகளை, ரீடர் படித்துவிட வேண்டும். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள், பேலட்டின் இடது பக்கப் பெட்டிகள் மட்டும் அடிக்கடி கணக்கில் விட்டுப்போகின்றன என்று புகார் வந்தது.

எவரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். ரீடரின் நிலைப் பக்கத்தைத் திறந்தேன். போர்ட் 1, ஆன்டெனா உண்டு. போர்ட் 2, உண்டு. 3, உண்டு. 4, உண்டு. நான்கும் பச்சை. பிழைச் செய்தி எதுவும் இல்லை, ரீடர் சூடாகவும் இல்லை. சரி, ஆன்டெனா பக்கம் பிரச்சினை இல்லை என்று அந்தக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு நாள் வேறு எல்லாவற்றையும் சந்தேகித்தேன். டேக் ரகம் மாறிவிட்டதா, ஒட்டும் இடம் மாறிவிட்டதா, பெட்டிக்குள் திரவச் சரக்கு வர ஆரம்பித்திருக்கிறதா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் வேகமாகப் போகிறார்களா. ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் வாயிலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பேலட் தள்ளும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "எதைத் தேடுறீங்க சார்?"

"இடது பக்கம் ஏன் படிக்கலன்னு பாக்குறேன் தம்பி."

"மேல இருந்த தட்டுதான் போன வாரமே இல்லையே சார். வண்டி இடிச்சு ஒரு திருகுல தொங்கிட்டு இருந்துச்சு. யார் தலையிலயாவது விழுந்துடும்னு கழட்டி அந்த மூலையில வச்சிட்டோம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஆபீஸ்ல கேட்டோம் சார். கம்ப்யூட்டர்ல நாலும் பச்சையாத்தான் இருக்கு, ஒண்ணும் பிரச்சினை இல்லன்னாங்க."

ஏணி போட்டு ஏறினேன். ஆன்டெனா இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள். பக்கத்தில் கேபிள், முனையில் கனெக்டரோடு, எதிலும் மாட்டாமல் காற்றில் தொங்குகிறது. கீழே இறங்கி மறுபடியும் நிலைப் பக்கத்தைப் பார்த்தேன். போர்ட் 3, ஆன்டெனா உண்டு.

ரீடர் எதைப் பார்க்கிறது

ரீடருக்குக் கண் கிடையாது. போர்ட்டின் மறுமுனையில் ஆன்டெனா இருக்கிறதா என்பதை அது ஊகித்துத்தான் சொல்கிறது. ஊகிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ரேடியோ அலையை அனுப்பி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பது. இன்னொன்று, சிறிய டிசி மின்சாரத்தை (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை) அனுப்பி மின்தடையை அளப்பது. இந்த வாயிலில் இருந்த ரீடர் முதல் வகை.

முதல் வகையின் அடிப்படை எளிது. ரீடரும் கேபிளும் ஆன்டெனாவும் எல்லாமே அலைக்கு ஒரே அளவு எதிர்ப்பு, 50 ஓம், காட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. 50 ஓம் கேபிள் வழியே போகும் அலை, முனையில் 50 ஓம் ஆன்டெனாவைச் சந்தித்தால் ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே போய் காற்றில் பரவிவிடும். முனையில் ஒன்றுமே இல்லையென்றால் போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பும். ஷார்ட் ஆகியிருந்தாலும் அப்படித்தான், முழுவதும் திரும்பும். ரீடருக்குள் போர்ட்டை ஒட்டி டைரக்ஷனல் கப்ளர் என்ற உறுப்பு ஒன்று உண்டு. போகிற அலையிலிருந்து ஒரு துளி, திரும்பி வருகிற அலையிலிருந்து ஒரு துளி என்று தனித்தனியே பிரித்தெடுத்து அளக்கக் கொடுக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபல் கணக்கில் சொன்னால் அதுதான் ரிட்டர்ன் லாஸ். எண் பெரிதாக இருந்தால் கொஞ்சம்தான் திரும்புகிறது என்று பொருள்: 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூறில் ஒரு பங்கு. எல்லாமே திரும்பினால் 0.

அளப்பது ரீடருக்கே தேவையான காரியம். டேக்கைப் படிக்கும் ரீடர் பேசிக்கொண்டே கேட்கிறது. பேட்டரி இல்லாத டேக் உயிரோடு இருப்பதே ரீடரின் அலையைக் குடித்துத்தான், ஆகவே டேக் பதில் சொல்லும்போது ரீடர் அனுப்புவதை நிறுத்த முடியாது. 1 வாட் அனுப்பும் போர்ட்டில் ஆன்டெனாவின் ரிட்டர்ன் லாஸ் 15 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், திரும்பி வருவது சுமார் 30 மில்லிவாட். அதே கேபிளில் வரும் டேக்கின் பதிலோ, அதைவிடப் பத்துக் கோடி மடங்கு சிறியதாக இருப்பது சாதாரணம். திரும்பும் அலை அதிகமானால் அந்த முணுமுணுப்பு மூழ்கிப்போகும். முழுவதும் திரும்பினால் அனுப்பும் ஆம்ப்ளிஃபயருக்கும் நல்லதல்ல. அதனால்தான் பல ரீடர்கள் ஆன்டெனா இல்லாத போர்ட்டில் அலையை விடவே மறுத்துவிடும். "இணைப்பு உண்டா" என்ற கேள்வி முதலில் ரீடர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்வது. அதன் பதிலை நாம் பராமரிப்பு அறிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு இந்த வாயிலில்தான் உறைத்தது.

இந்த ரீடரில் வைத்திருந்த எல்லை 10 டெசிபல். அதற்கு மேல் இருந்தால் ஆன்டெனா உண்டு, கீழே போனால் இல்லை.

80 மில்லிவாட்

முனை திறந்து கிடக்கிறது, எல்லாம் திரும்ப வேண்டும், ரிட்டர்ன் லாஸ் 0 இருக்க வேண்டும். ரீடர் ஏன் 10-க்கு மேல் பார்த்தது?

பதில் கேபிளில் இருந்தது. நிறுவியபோது போட்டது தடித்த, இழப்புக் குறைந்த கேபிள். 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மீட்டருக்கு 0.13 டெசிபல் இழக்கும் ரகம். சில மாதங்களுக்கு முன் போர்ட் 3-இன் கேபிளை எலி கடித்துவிட, பராமரிப்புக்கு வந்தவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அது ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள், இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபல் தின்னும். நீளம் 11 மீட்டர்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1 வாட் புறப்படுகிறது. 11 மீட்டர் மெல்லிய கேபிள் சுமார் 5.5 டெசிபலை வெப்பமாக்கிவிட, முனைக்குப் போய்ச் சேர்வது 280 மில்லிவாட். அங்கே ஆன்டெனா இல்லை, 280-உம் திரும்புகிறது. திரும்பும் வழியிலும் அதே 5.5 டெசிபல் காவு. ரீடரை வந்தடைவது 80 மில்லிவாட். ரிட்டர்ன் லாஸ் 11 டெசிபல். எல்லை 10 டெசிபல், அதாவது 100 மில்லிவாட். 80 அதைவிடக் குறைவு. எனவே ஆன்டெனா உண்டு!

அலை காற்றில் பரவியதா, கேபிளிலேயே சூடாகிப் போனதா என்பது ரீடருக்குத் தெரியாது. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். போதிய நீளத்துக்கு மட்டமான கேபிளை மாட்டினால் அது 50 ஓம் ஆன்டெனா போலவே நடிக்கும். ஆய்வுக்கூடங்களில் இழப்பு மிகுந்த நீண்ட கேபிளைச் சுருட்டி வைத்து டம்மி லோடாக, அதாவது ஆன்டெனாவுக்குப் பதிலாக அலையை விழுங்கும் உறுப்பாக, பயன்படுத்துவது பழைய தந்திரம். இங்கே தெரியாமலேயே ஒன்றைச் செய்து வைத்திருந்தோம்.

நிறுவிய நாளில் நானே இந்த அலாரத்தைச் சோதித்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆன்டெனாவைக் கழற்றினேன், சிவப்பு வந்தது, மாட்டினேன், பச்சை வந்தது, கையெழுத்துப் போட்டேன். அன்று இருந்தது தடித்த கேபிள். போகவர மொத்த இழப்பு 3 டெசிபலைத் தொடாது, பாதிக்கு மேல் திரும்பி வந்தது, ரீடர் சரியாகப் பிடித்தது. கேபிளை மாற்றிய அன்று அந்தச் சோதனையை யாரும் திரும்பச் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. அந்தத் தவறு என்னுடையது.

எண்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன

ரீடரின் உள்பதிவில் ஒவ்வொரு போர்ட்டின் ரிட்டர்ன் லாஸும் எண்ணாகவே இருந்தது. நிலைப் பக்கத்தில் காட்டாது, பதிவைத் தனியாக இறக்கிப் பார்க்க வேண்டும். போர்ட் 3-இன் வரலாறு இப்படி:

தடித்த கேபிளும் ஆன்டெனாவும் இருந்தவரை 18 டெசிபல் சுற்றி. மெல்லிய கேபிள் வந்த நாளிலிருந்து 26. ஆன்டெனாவைக் கழற்றி மூலையில் வைத்த நாளிலிருந்து 11.

26 என்பது ஏட்டளவில் மற்ற மூன்று போர்ட்டுகளையும்விட "நல்ல" எண். ஆன்டெனாவின் சொந்த ரிட்டர்ன் லாஸ் 15, அதோடு கேபிளின் போகவர இழப்பு 11. கேபிள் கெட்டுப்போகக் கெட்டுப்போக ரிட்டர்ன் லாஸ் அழகாகிக்கொண்டே போகும். இந்த வேலையில் புதிதாக வருபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. எண் திடீரென்று நன்றாகிவிட்டது என்றால் சந்தோஷப்படாமல் கேபிளைப் போய்ப் பார்க்க வேண்டும். 18 ஆக இருந்தது 26 ஆனபோதே, ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் 4 டெசிபல், அதாவது பாதிக்கு மேல், காணாமல் போயிருந்தது. அப்போதே இடது பக்கம் பலவீனமாகியிருக்கும். கீழ் ஆன்டெனா சமாளித்துக்கொண்டதால் யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் 26-லிருந்து 11-க்கு விழுந்தது. 15 டெசிபல் வீழ்ச்சி. எண்ணாகப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆம், இல்லை என்று இரண்டே சொல்லாகச் சுருக்கியதால் இரண்டும் "ஆம்" பக்கமே விழுந்துவிட்டன.

இந்தச் சுருக்கம் எங்கள் மென்பொருள் மட்டும் செய்ததல்ல. ரீடர்களோடு பேச 2007-இல் தரமாக்கப்பட்ட எல்எல்ஆர்பி நெறிமுறையிலேயே ஆன்டெனா நிகழ்வுக்கு இரண்டு மதிப்புகள்தான்: 0 என்றால் துண்டிப்பு, 1 என்றால் இணைப்பு. ரிட்டர்ன் லாஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனியாக வைத்திருக்கும் வழியில் கேட்க வேண்டும். பெரும்பாலானோர் கேட்பதில்லை.

பதிவில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஆன்டெனா போன அந்த வாரத்தில் போர்ட் 3-இல் பதினோரு முறை "துண்டிப்பு" பதிவாகி, அடுத்த சில நொடிகளில் "இணைப்பு" என்று மாறியிருந்தது. மேலே இருந்த மென்பொருள், ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிடும் நிகழ்வுகளைச் சத்தம் என்று வடிகட்டிவிட்டது. ஆக, ரீடர் பதினோரு முறை உண்மையைச் சொல்லியிருக்கிறது.

ஏன் அப்படித் துள்ளியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அதில் ஒரு பயனுள்ள கருவி ஒளிந்திருக்கிறது. இந்த ரீடர் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை 50 சேனல்களில் தாவித் தாவி இயங்குவது. இணைப்புச் சோதனையை அந்தந்த நேரத்தில் நிற்கும் சேனலிலேயே செய்துகொள்ளும். 50 சேனல்களிலும் ரிட்டர்ன் லாஸைத் தனித்தனியே எடுத்துக் கோடு வரைந்தபோது, அது தட்டையாக இல்லை. அலை அலையாக 9.8-க்கும் 12.5-க்கும் இடையே ஏறி இறங்கியது. ரீடர் பக்கத்து அடாப்டரில் ஒரு சின்ன எதிரொலி, 11 மீட்டர் தள்ளித் திறந்த முனையில் ஒரு பெரிய எதிரொலி. சில சேனல்களில் இரண்டும் கைகோத்துக் கூடும், சிலவற்றில் எதிர்த்துக் குறையும். கூடுகிற சேனல்களில் 10-ஐத் தாண்டிக் கீழே போய்த் "துண்டிப்பு". அடுத்த சேனலுக்குத் தாவியதும் "இணைப்பு".

அந்த அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி 9 மெகாஹெர்ட்ஸ். இந்த ரகக் கேபிளில் அலை ஒளிவேகத்தில் 66 சதவீத வேகத்தில் போகும், அதாவது மைக்ரோநொடிக்கு 198 மீட்டர். 198-ஐ 9-இன் இரண்டு மடங்கான 18-ஆல் வகுத்தால் 11 மீட்டர். எதிரொலி எங்கிருந்து வருகிறது என்பதை ஏணியில் ஏறாமலேயே ரீடர் சொல்லியிருக்கும். விலை உயர்ந்த கேபிள் சோதனைக் கருவிகள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். குறுகிய அலைவரிசையில் இயங்கும் இடங்களில் இந்த வித்தை பலிக்காது. 865 முதல் 868 வரை என்றால் 3 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அலையின் ஒரு துண்டுதான் தெரியும்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. ஆன்டெனா இல்லாத போர்ட் 3-இன் கணக்கில் அந்த வாரம் சுத்தமாகப் பூஜ்யம் இல்லை, நாளுக்கு ஐந்தாறு டேக் படித்ததாகப் பதிவு. தொங்கிய கேபிளின் முனையில் ஒரு டேக்கைக் கிட்டத்தட்ட ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். படித்தது. ஒரு சாண் தள்ளினேன், போய்விட்டது. உயரமாக அடுக்கிய பேலட்டின் மேல் பெட்டி கேபிளை உரசிப் போனபோதெல்லாம் ஒன்றிரண்டு விழுந்திருக்கிறது. போர்ட் பூஜ்யமானால் எச்சரி என்று ஓர் அலாரம் வைத்திருந்தோம். அதுவும் இதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

டிசி ரீடருக்கு மாறிய கதை

கிடங்கின் பொறுப்பாளருக்கு விஷயம் புரிந்ததும், டிசி முறையில் சோதிக்கும் ரீடரைப் போட்டுவிடுங்கள், அது ஏமாறாதே என்றார். நியாயமான பேச்சு. டிசி முறையில் ரீடர் ஒரு சுருள் வழியாக மிகச்சிறிய மின்னோட்டத்தைக் கேபிளின் நடுக்கம்பியில் செலுத்தும். ரேடியோ பாகங்களுக்குள் அது போகாமல் ஒரு கெபாசிட்டர் தடுக்கும். 3.3 வோல்ட்டை 10 கிலோஓம் வழியாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முனை திறந்திருந்தால் 3.3 வோல்ட் அப்படியே நிற்கும். ஆன்டெனாவுக்குள் நடுக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை இருந்தால் பாதியாகி 1.65 ஆகும். ஆன்டெனா டிசி-க்கு நேரடி ஷார்ட் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கம். ரேடியோ அலைக்கு 5.5 டெசிபல் தின்னும் அதே கேபிள், டிசி-க்கு ஓர் ஓம்கூடக் காட்டாது. கேபிள் எவ்வளவு மட்டமானாலும் திறந்த முனை திறந்த முனையாகவே தெரியும். அலையை அனுப்பாமலேயே, போர்ட்டின் முறை வராமலேயே எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

ரீடரை மாற்றினோம். முதல் நாளே போர்ட் 1, 2, 4 மூன்றும் சிவப்பு. போர்ட் 3 மட்டும் பச்சை.

போர்ட் 3-இல் இருந்தது புதிதாக வாங்கிய ஆன்டெனா, உள்ளேயே மின்தடை வைத்தது. மற்ற மூன்றும் பழையவை. அவற்றில் ஊட்டும் கம்பி உலோகத் தகட்டைத் தொடாது, நடுவே இடைவெளி விட்டு கெபாசிட்டர் போல அலையைக் கடத்தும். ரேடியோ அலைக்கு அருமையான ஆன்டெனா, டிசி-க்கோ வெறும் காற்று. மல்டிமீட்டரை நடுமுனையிலும் வெளி ஓட்டிலும் வைத்துப் பார்த்தால் எண்ணே வராது. வாங்கும்போது யாரும் ஆன்டெனாவின் டிசி மின்தடையைக் கேட்பதில்லை, விவரத்தாளிலும் பல சமயம் இருக்காது. மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

அங்கே இருந்தவர்கள் அவசரத்துக்கு ஒரு வழி செய்தார்கள். அமைப்பில் அந்த மூன்று போர்ட்டுக்கும் "சோதிக்க வேண்டாம், இருப்பதாக வைத்துக்கொள்" என்று குறித்துவிட்டார்கள். நான்கும் பச்சை ஆயின. இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஆன்டெனா இருக்கிறதா என்று சோதிக்கும் ரீடர், இருக்கிறது என்று மனிதர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். முன்பாவது 80 மில்லிவாட் என்று ஏதோ ஒரு ஆதாரம் இருந்தது.

டிசி முறைக்கும் தனக்கென்று ஏமாறும் வழிகள் உண்டு. வெளியே இருக்கும் ஆன்டெனாவுக்கு நடுவில் மின்னல் காப்பு வைப்பார்கள். அதில் கால் அலைநீளத் தண்டு ரகம் டிசி-யைத் தரைக்கு ஷார்ட் செய்யும், அதுதான் அதன் வேலையே. அதற்கு அப்பால் ஆன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரீடர் "உண்டு" என்றே சொல்லும். நடுவில் டிசி தடுக்கும் உறுப்பு எதையாவது வைத்தால் நேர் எதிர், எப்போதும் "இல்லை". கனெக்டருக்குள் மழைநீர் இறங்கினால் சில பத்துக் கிலோஓம் கசிவு வரலாம், எல்லை தாராளமாக வைக்கப்பட்டிருந்தால் அந்த ஈரமே ஆன்டெனாவாகிவிடும்.

கனெக்டர் பேச்சு வந்ததால் ஒன்று. எஸ்எம்ஏ கனெக்டருக்கும் ஆர்பி-எஸ்எம்ஏ கனெக்டருக்கும் வெளித்திருகு ஒன்றுதான், நடுமுள்தான் இடம் மாறியிருக்கும். ஒரு வகைத் தப்பான ஜோடியைச் சேர்த்தால் கடைசிச் சுற்று வரை இறுக்கமாகத் திருகும், உள்ளே இரண்டு பக்கமும் ஓட்டை, முள்ளே இல்லை. கைக்கு மாட்டியது போலத் தெரியும், மின்சாரத்துக்கு மாட்டவில்லை. டிசி முறை இதைச் சரியாகப் பிடித்துவிடும், ரிட்டர்ன் லாஸ் முறையும் பிடிக்கும், கேபிள் நல்லதாக இருந்தால்.

கடைசியில் வைத்தது

பழைய ரீடரையே திரும்பப் போட்டோம். கேபிளைத் தடித்த ரகத்துக்கு மாற்றினோம். அலாரத்தை மாற்றியதுதான் முக்கியம். நான்கு போர்ட்டுக்கும் ஒரே 10 டெசிபல் எல்லை என்பதை விட்டு, எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் ஒவ்வொரு போர்ட்டின் எண்ணையும் எல்லாச் சேனல்களிலும் எடுத்து, சராசரியைப் பதிந்து வைத்தோம். அதிலிருந்து 3 டெசிபல் மேலே போனாலும் கீழே போனாலும் எச்சரிக்கை. மேலே போவதற்கும் எச்சரிக்கை ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்த 26-இன் கதையைச் சொன்னேன்.

ஆனால் ரிட்டர்ன் லாஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லாது. வண்டி இடித்து ஆன்டெனா கூரையைப் பார்க்கத் திரும்பிவிட்டால் எண் அப்படியே இருக்கலாம். இரண்டு கேபிள்களைப் போர்ட் மாற்றிச் செருகிவிட்டாலும் இருக்கும். அதற்காக ஒவ்வொரு ஆன்டெனாவின் எதிரிலும், எதிர்ச் சட்டத்தில், ஒரு டேக்கை நிரந்தரமாக ஒட்டினோம். அந்த ஆன்டெனா அந்த டேக்கைப் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ரீடரில் தொடங்கி, கேபிள், ஆன்டெனா, காற்று, டேக், மறுபடி ரீடர் என்று முழுச் சுற்றும் சரியாக இருந்தால்தான் இது நடக்கும்.

அதிலும் முதல் நாள் இடறினோம். ஒட்டிய நான்கு டேக்கும் ரீடரை இயக்கியவுடன் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டன. வாயில் செஷன் 2-இல் ஓடிக்கொண்டிருந்தது. செஷன் என்பது, தான் எண்ணப்பட்டதை டேக் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்று தீர்மானிக்கும் அமைப்பு. டேக்கும் ரீடரும் பேசிக்கொள்ளும் ஜென்2 தரத்தில் செஷன் 2-இல் எண்ணப்பட்ட டேக், ரீடரின் சக்தி கிடைத்துக்கொண்டிருக்கும்வரை தான் எண்ணப்பட்டதை மறக்காது, மறுபடி பேசாது. கடந்துபோகும் பேலட்டுக்கு அது நல்லது, ஒரே டேக் ஆயிரம் முறை கத்தாது. அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் டேக்குக்கு அது வாய்ப்பூட்டு. செஷன் 1-இல் அந்த நினைவு அரை நொடி முதல் 5 நொடிக்குள் தானாக அழிந்துவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை, வாயிலில் வண்டி இல்லாத நேரம் பார்த்து, செஷன் 1-இல் ஒரு சிறிய சோதனைச் சுற்று ஓட விட்டோம். அந்த நான்கு டேக்குகளின் எண்களைச் சரக்குக் கணக்கிலிருந்து விலக்கவும் மறக்கவில்லை. சரி, மறந்தோம், மறுநாள் காலையில் கணக்கில் நான்கு பெட்டி அதிகம் வந்தபோது ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து முதல் எச்சரிக்கை வந்தது. போர்ட் 4, 18-லிருந்து 13. சோதனை டேக்கும் படிக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஆன்டெனா அதன் இடத்தில் அசையாமல் இருக்கிறது, கேபிள் இறுக்கமாக இருக்கிறது. அதற்கு முன்னால், ஒரு முழம்கூட இடைவெளி விடாமல், காலி இரும்பு ரேக்குகளை யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். நகர்த்தச் சொன்னேன். கடைசி ரேக் விலகும்போது கைப்பேசியில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 14, 16, 18.